சர்பத் கசக்கவில்லை

மகனே,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. மெட்ராஸில் பெண் வீட்டார் நல்ல நிலையில் இருக்கிறார்கள், பெண் படித்தவள், நான் ஒரு கோட்டு தைத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். கடைசியில், போகிற போக்கில், "அணைக்கட்டு விஷயத்தை இங்கே யாரிடமும் பேச வேண்டாம்" என்று ஒரு வரி. அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நானும் தையற்காரரிடம் போய் அளவு கொடுத்திருப்பேன். அவ்வளவு கோழைதான் உன் அப்பன். ஆனால் தபால்காரர் உன் கடிதத்தைக் கையில் கொடுத்தபோது நான் சுடுகாட்டிலிருந்து அப்போதுதான் வந்து, கால்கூடக் கழுவாமல் வாசலில் நின்றிருந்தேன். ஏகாம்பரம் போய்விட்டான்.

பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம் உனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்த ஏகாம்பரம்தான். ஆம்பூர்த் தோல் கம்பெனியின் சாயக் கொட்டகையில் எனக்குக் கீழே ஆறு வருஷம் வேலை செய்தவன். நாற்பது வயது ஆகவில்லை. கொஞ்ச காலமாகவே வெளுத்துப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அன்று வெயில் ஜாஸ்தி. சாயம் பூசிக்கொண்டே இருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. கம்பெனி கம்பவுண்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். மாரடைப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நாலு வருஷமாக நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ மறந்துவிட்டேன் என்று சொல்ல இடம் வைக்காமல், ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் நின்றுபோன உன் கல்யாணத்துக்கு, கம்பெனிக்குப் பக்கத்தில் பூட்ஸ் தைக்கிற மஸ்தான் பாய் தன் கையால் ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துக் கொடுத்தார். நல்ல மாட்டுத்தோல், தேன் நிறம். உனக்குப் பிடிக்கவில்லை. பெங்களூரில் எவனோ ஒருவன் கல்யாணத்தில் கறுப்பு பூட்ஸ் போட்டிருந்தானாம், உனக்கும் கறுப்புதான் வேண்டும் என்றாய். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் தோலைக் கறுப்பாக்க இரும்புத் தண்ணீர் ஒன்று உண்டு, மெதுவாகத்தான் ஏறும், நாள் பிடிக்கும். உனக்குப் பொறுமை இல்லை. "புதுசா சீமையிலேர்ந்து வந்திருக்கே ஒரு சாயம், அதப் பூசுப்பா" என்றாய். பாதாம் அல்வா போல வாசனை வீசுமே, அந்தச் சாயம். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பூட்ஸை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகும் வழியில் பாய் பார்த்துவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, கல்யாணப் புள்ள கால்லயா இதப் பூசப் போற? காயறதுக்கே நாலு நாள் ஆவும். ஈரத்தோட மாட்டினா உள்ள இறங்கிடும். உன் ஷெட்டு ஆளுங்க உதடு நீலமாவறத நான் பாக்கலன்னு நெனச்சியா?"

"ஒரு நாளுதானே பாய், அவன் ஆசப்படறான்" என்றேன்.

"சின்னப் பையன் அவனுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? பேஜாராயிடும், சொல்ட்டேன்."

எனக்குத் தெரியும். வெயில் நாட்களில் கொட்டகையில் ஆட்களுக்குத் தலை சுற்றும், நகம் கறுக்கும். "நீலம் ஏறிடுச்சு" என்று சொல்லிச் சிரிப்போம். புளியமரத்தடியில் உட்கார வைத்து மோர் கொடுப்போம். பொழுது சாய்ந்தால் சரியாகிவிடும், மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார்கள். அப்படித் தெரிந்திருந்தும் உன் பூட்ஸுக்கு இரண்டு கை சாயம் பூசினேன். ஏன் தெரியுமா? உனக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உன் அம்மா போனபோது உனக்கு மூன்று வயது. அன்றிலிருந்து நீ கேட்டதெல்லாம் கொடுத்தேன். நீ செய்ததையெல்லாம் மறைத்தேன். எட்டு வயதில் கோயில் விளக்குக் கண்ணாடியை நீ உடைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையன் மேல் போட்டாயே, அவன் அடி வாங்கினானே, எனக்கு அன்றே தெரியும். "பிள்ளை பயந்துவிட்டான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குப் பிள்ளை பிறந்தால் அன்றைக்கே அவன் காதைத் திருகு. எனக்கு இன்று எட்டாத உயரத்தில் இருக்கிறது உன் காது.

மறுநாள் பெண்ணின் ஊரான அணைக்கட்டுக்கு பஸ் வைத்துக்கொண்டு போனோம். சித்திரை வெயில். விடியற்காலையில் நீ மாட்டிக்கொண்ட பூட்ஸ் உள்ளே ஈரமாகவே இருந்தது. "ஜில்லுனு இருக்குப்பா" என்று சிரித்தாய். பெண் வீட்டில் வாத்தியார், அதுதான் கல்யாணப் பெண் லிதியாளின் அப்பா, சொம்பில் நன்னாரி சர்பத் கொண்டுவந்து நம் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். லிதியாள் கலந்தது என்று பெருமையாகச் சொன்னார். உனக்கு ஊற்றிய அதே சொம்பிலிருந்து அடுத்தது எனக்கு ஊற்றினார். நான் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தேன். இதை நான் நாலு வருஷம் எந்த மனிதரிடமும் சொல்லவில்லை.

அங்கிருந்து மேளத்தோடு நடந்து சபைக் கோயிலுக்கு வந்து சேர்வதற்குள் உனக்கு வேர்த்து ஊற்றியது. தாலியைக் கையில் எடுத்தாய். முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகி, பிறகு நீலமாகி, நீ ஈரத்தோல் மாதிரி மடிந்து விழுந்தாய். எல்லாரும் கத்தினார்கள், யாரும் கிட்டே வரவில்லை. நான் கூட உறைந்து நின்றேன். அந்தப் பெண்தான் மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். உன் காலரைத் தளர்த்தினாள். "காத்து விடுங்க, தள்ளுங்க" என்று ஊரையே அதட்டினாள். வீங்கியிருந்த உன் காலிலிருந்து பூட்ஸை இழுத்துக் கழற்றினாள். கழற்றிய கை இரண்டும் கறுப்பாகிவிட்டது. அந்தக் கையைத்தான் நம் ஆட்கள் பிறகு சாட்சியாகச் சொன்னார்கள். "பொண்ணு கையப் பாத்தீங்களா, ஏதோ மருந்து அரைச்ச கை" என்று.

வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் உனக்குப் பேச்சு வந்தது. உன் மாமன் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு கேட்டான், "அந்த வீட்ல உனக்கு இன்னாடா குடுத்தாங்க?" நீ கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தாய். "சர்பத். கசந்துச்சு மாமா" என்றாய்.

அப்போது உனக்கு மயக்கம் தெளியவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். நாக்கு கசந்திருக்கலாம். அந்த நிமிஷத்துக்காக நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அன்று மத்தியானத்துக்காகச் சொல்கிறேன்.

மத்தியானம் டாக்டரம்மா நம் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். உன் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்தார். பக்கத்தில் என் விரலிலிருந்து ஒரு சொட்டு. என்னுடையது சிவப்பு. உன்னுடையது, இரண்டு நாள் கழித்தும், பட்டை ஊறிய தண்ணீர் போலப் பழுப்பு. தாளை எடுத்துக் காற்றில் வீசிக் காட்டினார். அப்படியும் உன்னுடையது சிவக்கவில்லை.

"ரத்தத்துக்குச் சிவப்பு குடுக்கிற பொருளுக்குள்ள இரும்பு இருக்கு மேஸ்திரி" என்றார். "அதுதான் நெஞ்சுல காத்தப் புடிச்சிக்கிட்டுப் போயி உடம்பு பூரா குடுத்துட்டு வருது. இந்தச் சாயம் தோல் வழியா உள்ள போயி அந்த இரும்போட தன்மையையே மாத்திடுது. துருப்புடிச்ச மாதிரின்னு வெச்சுக்குங்க. அப்புறம் எவ்வளவு காத்து இருந்தாலும் அதால புடிக்க முடியாது. உங்க பையன் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருந்தான். அந்த மூச்சு உடம்புக்குப் போய்ச் சேரல."

"சர்பத்துல ஏதாவது…" என்று இழுத்தேன்.

"சர்பத்தும் இல்ல, விஷமும் இல்ல. பூட்ஸ். யாரோ அதக் கழட்டியிருக்காங்க. இன்னும் ஒரு மணி நேரம் கால்ல இருந்திருந்தா இவன் இங்க வந்திருக்க மாட்டான். யாரு கழட்டினது?"

நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாய். நான்தான் சொன்னேன், "கல்யாணப் பொண்ணுங்க" என்று.

"அப்போ அவளுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார். பிறகு என்னைக் கேட்டார். "இவனுக்கு ஒரு நாள் பட்டது. உடம்பே மெல்ல பழையபடி மாத்திக்கும். தினம் தினம் அதுல நிக்கிறவங்களுக்கு ரத்தமே உடைஞ்சு கம்மியாயிடும். உங்க ஷெட்ல எத்தன பேரு?"

"பதினோரு பேரு" என்றேன்.

"போய்ச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதில் புரியாதது எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் பட்டைத் தொட்டிகளோடு வாழ்ந்தவன் நான். ஒரு ஆணி, ஒரு கத்தி முனை, ஈரத்தோலில் பட்டால் போதும், அந்த இடம் கறுத்துவிடும், பிறகு எவ்வளவு கழுவினாலும் போகாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரும்பு ஒரு தன்மையிலிருந்து இன்னொரு தன்மைக்குப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தொழில். அது என் பிள்ளையின் ரத்தத்தில் நடந்தது என்று தாளில் வைத்துக் காட்டினார்கள். பார்த்துவிட்டு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஏனென்றால் அன்று சாயங்காலமே முதலாளி ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார். டாக்டரம்மா என்ன சொன்னார் என்பது அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. கறுப்புத் தோலுக்கு அப்போதுதான் பெரிய ஆர்டர் வந்திருந்தது. என் தோளில் கை வைத்து, "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க மேஸ்திரி. நம்ம கம்பெனி பேரு இதுல அடிபடக் கூடாது" என்றார். உன் பக்கம் திரும்பி, "நம்ம மெட்ராஸ் ஆபீஸ்ல உன்ன மாதிரி ஒரு பையன் வேணும்" என்றார். அவர் போனதும் நான் உன்னிடம் கேட்டேன். கேட்டேன் என்பதையாவது நீ மறுக்க மாட்டாய். "வாத்தியார் வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம்டா, பாவம் அந்தப் பொண்ணு" என்றேன். நீ எழுந்து உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்தாய்.

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்ப்பா. இப்ப மாத்திச் சொன்னா என்னப் பொய்யன்னு சொல்வாங்க. அந்த ஊரு வேணாம், அந்தப் பொண்ணும் வேணாம். நான் மெட்ராஸ் போறேன்."

உன் கையில் அந்த ஆரஞ்சைத் தட்டிவிட்டிருக்க வேண்டும் நான். தட்டவில்லை. உனக்காக என்று சொல்லிக்கொண்டேன். உனக்காக இல்லை. கொட்டகையில் மேஸ்திரியாக இருக்க எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

நீ மெட்ராஸில் டிராம் ஏறிப் போய்க்கொண்டிருந்த நாலு வருஷத்தில் அணைக்கட்டில் என்ன நடந்தது என்று ஒரு தடவையாவது யாரிடமாவது விசாரித்தாயா? நானும் விசாரிக்கவில்லை. ஏகாம்பரத்தின் சாவுக்குப் பிறகுதான் போனேன். அதற்கு முன்னால் அவன் மனைவியிடம் போனேன். டாக்டரம்மா சொன்னது அத்தனையும் சொன்னேன். அவள் அழவில்லை. "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றாள். "நாலு வருசமா" என்றேன். "நாலு வருசமா தினம் காலையில எங்க வீட்டு வழியா வந்து, 'ஏகாம்பரம், வாடா'ன்னு கூட்டிட்டுப் போனீங்களே" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நீ பதில் தெரிந்தவன், ஆபீஸில் கடிதம் எழுதிப் பழகியவன். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு எழுது.

அடுத்த நாளே கொட்டகைக்குப் போய் ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். மூன்று பேர் அன்றே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. முதலாளி கூப்பிட்டார். இந்தத் தடவை தோளில் கை வைக்கவில்லை. "நாளைலேர்ந்து வர வேணாம்" என்றார். "கதவையாவது திறந்து வைங்க, கையில துணி சுத்திக்கிட்டுப் பூசச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பாய் நேற்றுச் சொன்னார். சாயம் மாறவில்லை.

பிறகு அணைக்கட்டு. வாத்தியார் இப்போது வாத்தியார் இல்லை. விஷம் வைத்த வீட்டு ஆளிடம் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று ஊர் சொல்லிவிட்டதால் பள்ளிக்கூட வேலை போய்விட்டது. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தில் மல்லாட்டை பயிரிட்டிருக்கிறார். டீச்சர் டிரெயினிங் முடித்த லிதியாள் அவரோடு சேர்ந்து களை வெட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் பள்ளியும் அவளை எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீடும் பெண் கேட்டு வரவில்லை. என்னைப் பார்த்ததும் வாத்தியார் மண்வெட்டியைக் கீழே போட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாயம், பூட்ஸ், ரத்தம், டாக்டரம்மா சொன்னது, நீ சொன்னது, நான் சொல்லாதது. வாத்தியார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் ஊத்துனேன். ஒருவேள சொம்புல ஏதாவது பச்சக் களிம்பு இருந்துச்சோன்னு, நாலு வருசமா நானே என்னச் சந்தேகப்பட்டுட்டேனே மேஸ்திரி" என்றார். மகனே, அந்த மனிதர் தன் சொம்பைச் சந்தேகப்பட்டிருக்கிறார். நீ உன் நாக்கை ஒரு நாளாவது சந்தேகப்பட்டாயா?

லிதியாள் நிலத்தோரத்து வீட்டுக்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். "எங்க வீட்ல யாரும் தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்ல மாமா. வழியில போறவங்ககூட. நீங்க குடிப்பீங்களா?" என்றாள். குடித்தேன். டம்ளரைக் காலி செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவள் இன்னும் என்னை மாமா என்று கூப்பிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இத எழுதி எல்லார் முன்னாடியும் படிங்க" என்றார் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதே கோயிலில், நீ விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். அந்தச் சொம்பிலிருந்து நானும் இரண்டு தடவை குடித்தேன் என்று உரக்கப் படித்தேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிலர், "வேலையிலேர்ந்து துரத்திட்டாங்க, அதான் கம்பெனி மேல பழி போடறான்" என்று என் காதுபடவே சொன்னார்கள். யாரும் எழுந்து வாத்தியாரிடம் போகவில்லை. வெளியே வந்ததும் லிதியாள்தான் சொன்னாள், கோபம் இல்லாமல், கணக்குப் போடுகிறவள் போல. "நீங்க சொன்னா பாதிப் பேரு நம்புவாங்க மாமா. 'கசந்துச்சு'ன்னு சொன்னவரு உங்க மகன். அவரு வந்து 'கசக்கல'ன்னு சொன்னாதான் மீதிப் பேரு நம்புவாங்க. மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். அந்த ஒரு வார்த்த போதும்."

அவள் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கவில்லை, பயப்படாதே. உன்னைக் கட்டிக்கொள்ள அவளுக்கு விருப்பம் இருக்கும் என்று நீ நினைத்தால் அதுவே உன் முட்டாள்தனம். உன் உயிர் அவள் கையால் வந்தது. இன்று நீ விடுகிற ஒவ்வொரு மூச்சும் அந்தக் கறுத்த கைகள் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு அவளை விஷம் வைத்தவள் என்று ஊர் சொல்ல விட்டுவிட்டு, இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டப் போகிறாய். அந்த மெட்ராஸ் பெண்ணுக்கும் நான் அப்பன் ஸ்தானத்தில்தான் நிற்க வேண்டும். தான் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகும் அவள் உன்னை ஏற்றுக்கொண்டால் நான் மனப்பூர்வமாக ஆசீர்வதிப்பேன். தெரியாமல் வேண்டாம்.

உங்கள் கல்யாண அறிவிப்பான ஓலையைச் சபையில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். முதல் ஓலை நாளை மறுநாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை நான் காட்பாடி ஸ்டேஷனில் இருப்பேன். மெட்ராஸ் பாசஞ்சரில் நீ வந்து இறங்கினால் இரண்டு பேரும் அணைக்கட்டுக்குப் போவோம். வழியில் நான் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன், திட்ட மாட்டேன். சாப்பாடு கட்டிக்கொண்டு வருவேன்.

நீ வராவிட்டால் அடுத்த வண்டிக்கு நான் அங்கே காத்திருக்கப் போவதில்லை. மூன்றாம் ஓலை வாசிக்கிற ஞாயிறு, கோட்டு இல்லாமல், இந்தச் சாயம் படிந்த சட்டையோடு உன் சபையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இதற்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், ஒரு வழக்கத்துக்காக, சற்று நிறுத்துவார். அப்போது நான் எழுந்து நிற்பேன்.

உன் அப்பா